மச்சினன் கொடுத்துவிட்ட வைட்டமின்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மைக் பிடித்தது அடியேன். பகலெல்லாம் குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டை எடைபோட்டு வாங்குகிற ஜெபதாஸ், சாயங்காலம் கோட்டு மாட்டி, "இதோ வருகிறார்கள் மணமக்கள்" என்று குரலை இழுக்கும்போது எனக்கே என்னை அடையாளம் தெரிவதில்லை. கோட்டின்மேல் எவ்வளவு சென்ட் அடித்தாலும் ஷீட்டின் புகைவாடை போகாது. மனைவி சஜிதா சொல்வாள்: "மாப்பிளைக்கு முன்ன நிங்க மணந்துகிட்டு நிப்பிய."

இன்று புதிதாக ஒரு பகடியை எடுத்துவிட்டேன். நம்ம ஊரில் நோய் பார்க்கப் போகிறவர்கள் கையிலிருக்கும் சத்துப்பொடி டின். அதை யாரும் திறப்பதில்லை. பித்தப்பைக்காரர் வீட்டுக்கு வந்த டின் மூட்டுவலிக்காரிக்குப் போகும், அங்கிருந்து கால் முறிந்தவனுக்கு. ஊரிலுள்ள நோயாளிகள் எல்லாரையும் அறிந்தவர் டாக்டர் அல்ல, அந்த டின்தான் என்றேன். பந்தலே குலுங்கியது. பெண்வீட்டு மாமா ஒருவருக்குப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

சஜி வரவில்லை. முதுகு வலிக்கிறதாம். திரும்பி வந்தால் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறாள். "மழைக் குளிருதான், கிடந்து ஒறங்குங்க" என்கிறாள். தொட்டால் கை சுடுகிறது.

ஆகஸ்ட் 12

ஆஸ்பத்திரி. கட்டிலே ஆடும் அளவுக்கு நடுக்கல். வலது விலாவுக்குக் கீழே டாக்டர் லேசாகத் தட்டினார், துள்ளிவிட்டாள். அப்புறம் இடது பக்கத்தில் பழைய தழும்பைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சாவகாசம் போய்விட்டது.

"ஒரு கிட்னிதானா?"

"ஒண்ணு தம்பிக்குக் கொடுத்தாச்சு" என்றாள் சஜி, குடத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தவள் மாதிரி.

ஜான்ரோஸுக்கு. என் மச்சினன். அம்மா இல்லாத பையனை இவள்தான் வளர்த்தாள். பதிமூன்று வருஷத்துக்கு முன் அவனுக்கு இரண்டும் பழுதானபோது, என்னிடம் கேட்கக்கூட இல்லை. "நான் கொடுக்கப் போறேன், நிங்க ஒப்பு போடுங்க" என்றாள். போட்டேன். இப்போது மஸ்கட்டில் கணக்கு எழுதுகிறான், அவள் கொடுத்ததை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க நேரம் தவறாமல் மருந்து விழுங்குகிறான், நன்றாக இருக்கிறான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அவன் தம்பி, பிள்ளை என்று இரட்டை வேலை பார்க்கிறான்.

சிறுநீரகத்தில் தொற்று. ஊசி மருந்து ஏறுகிறது. இருக்கிற ஒன்றைப் பத்திரமாகப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

ஆகஸ்ட் 16

காய்ச்சல் இறங்கிவிட்டது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி காலையும் ராத்திரியும் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை, வாய் புண்ணாகாமல் இருக்கக் கூடவே ஒரு சின்ன வைட்டமின் குளிகை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்ற பரிசோதனையும் வந்துவிட்டது. இந்த மாத்திரைக்கு நன்றாக அடங்குமாம். டாக்டர் முகத்தில் சாவகாசம் திரும்பிவிட்டது.

"நடுவில நிறுத்தப்பிடாது. முழுசும் குடிக்கணும்."

"சார், எனக்கக் கையில குடுத்தாச்சு இல்லியா? இனி அந்த மாத்திரைக்குப் பயமே வேண்டாம்" என்றேன். சிரித்தார்.

ஆகஸ்ட் 17

நோய் பார்க்க ஊரே வந்தது. நேந்திரக் குலை இரண்டு, இளநீர் ஒரு குலை, ஆரஞ்சு. அடுத்த வீட்டு நேசபாய் மைனி கையில் — டின்! மூடியில் சொட்டை விழுந்த சத்துப்பொடி டின்.

சஜி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். பார்த்தால் சிரித்துவிடுவாள்.

"எந்தா வேய், சிரிப்பு?" என்றார் மைனி.

"ஒண்ணுமில்ல மைனி. இது இதுக்கு முன்ன எங்க வேலை பாத்திட்டு வருது?"

"சவத்த மோறை. ஜெயிலில இருந்து வந்தவன்கிட்ட கேக்கது மாதிரி கேக்காரு." சஜி பக்கம் திரும்பினார். "ஏட்டி, பாலில கலக்கிக் குடி. மருந்து வயத்த எரிக்கும். பாலுதான் அதுக்கு."

நாங்கள் டின்னைத் திறந்துவிட்டோம்! இந்த வட்டாரத்தில் அதைத் திறந்த முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். கேட்டால் ஊரே சண்டைக்கு வரும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஜான்ரோஸோடு வேலை பார்க்கிற பிரபின் லீவில் வந்தான், மஸ்கட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். ஜான்ரோஸ் கொடுத்துவிட்டது. பெரிய வைட்டமின் பாட்டில். குளிகை ஒவ்வொன்றும் பலாக்கொட்டை அளவு. பின்னால் பொடி எழுத்தில் இருப்பதை எல்லாம் சஜிக்கு வாசித்துக் காட்டினேன்: இரும்பு, கால்சியம், துத்தநாகம், மெக்னீசியம், செம்பு. "உனக்கத் தம்பி ஒரு ஹார்டுவேர் கடையை உருட்டிக் குளிகை ஆக்கி அனுப்பியிருக்கான்."

வீடியோவில் வந்தான். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, தினமும் குடிப்பியா?"

"குடிப்பேன் மக்கா."

"அத்தான், நிங்க எடுத்துக் குடுக்கணும். அவளை நம்பப்பிடாது."

டாக்டர் எழுதியதும் வைட்டமின், இதுவும் வைட்டமின். அது கடுகு, இது பலாக்கொட்டை. எதற்கு இரண்டு? உள்ளூர்க் குளிகையை எடுத்து மாற்றி வைத்துவிட்டு, மச்சினன் சரக்கை அந்த இடத்தில் சேர்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20

நம்ம வீட்டு மருந்து நேரம் கோயில் ஆராதனை மாதிரி ஒழுங்கு. காலையில் பல் தேய்த்ததும் ஒரு உள்ளங்கையில் ஆன்டிபயாடிக்கும் பலாக்கொட்டையும், மறு கையில் டின் பொடி கலக்கிய பால். ஒரே மடக்கு. ராத்திரியும் அப்படியே. சஜி முகத்தைச் சுளித்தால், "ஓமனில இருந்து விமானத்தில வந்த சாதனமாக்கும்" என்பேன்.

மறுபடி டாக்டரைப் பார்த்தோம்.

"வேற மருந்து ஏதும் குடிக்கியளா?"

"இல்ல டாக்டர்" என்றாள் சஜி.

"காயத்திருமேனித் தைலம்கூடத் தொடேல்ல சார்" என்றேன் நான்.

பொய் இல்லை. வைட்டமின் மருந்தா?

சிறுநீர் நல்ல மஞ்சளாகப் போகிறதாம். சத்து பிடிக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டோம்.

ஆகஸ்ட் 23

சாயங்காலம் உடம்பு லேசாகச் சூடு. தலையணையில் வியர்வை. மழை விட்ட புழுக்கம் என்கிறாள்.

ஆகஸ்ட் 24

புழுக்கம் இல்லை. நடுக்கல் திரும்ப வந்துவிட்டது. மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லையே. நேற்று ராத்திரி வாந்தி எடுத்தாள் என்று பயந்து பால் கூடுதலாகக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 26

திருவனந்தபுரம். உள்ளூர் டாக்டர் நிற்காதீர்கள் என்றார். ஆம்புலன்ஸில் களியக்காவிளை தாண்டும்போது சஜி கேட்டாள்: "கடையைப் பூட்டினியளா?" பூட்டினேனா என்று தெரியவில்லை. பூட்டினேன் என்றேன்.

சிறுநீரகத்தில் சீழ் கட்டியிருக்கிறது. தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது. சிறுநீர் வரவில்லை. ஐசியூ.

ஆகஸ்ட் 27

டயாலிசிஸ். முதல் தடவை. நான் வெளியே இருந்தேன்.

ஆகஸ்ட் 30

சிறுநீரக டாக்டர் அழைத்தார். மலையாளி, பொறுமையான மனுஷர், எனக்காக இடையிடையே தமிழ் போட்டுப் பேசினார். கையில் இரண்டு பரிசோதனை முடிவுகள் — அன்றைக்கு நம்ம ஊரில் எடுத்தது, இப்போது இங்கே எடுத்தது.

"கிருமி அதே கிருமி தன்னே. மாறிட்டில்லா. அந்த மாத்திரைக்கு இப்பவும் அடங்கும். பின்னே எந்தா அடங்காதது? மாத்திரை விட்டுப்போயோ?"

"ஒண்ணுகூட இல்ல டாக்டர்."

"எங்ஙன கொடுத்து? ஒண்ணு பறயூ."

பறைந்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் பறைந்தேன். மாத்திரை, மஸ்கட் வைட்டமின், பால், எல்லாம் நேரம் தவறாமல் என்று.

"ஒண்ணிச்சோ?"

"ஒண்ணாத்தான். ஒரே மடக்கு."

பேனாவை மேஜையில் வைத்தார். பாட்டிலின் படம் போனில் இருக்கிறதா என்றார். இருந்தது. சஜியைச் சிரிக்கவைக்க நான் எடுத்த படம். பலாக்கொட்டையை அவள் மூக்குத்திக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தது. அதைப் பெரிதாக்கி, பின்னால் மேஜைமேல் இருந்த பாட்டிலின் எழுத்தை வாசித்தார். இரும்பு. கால்சியம். துத்தநாகம். நான் வாசித்த அதே வரிசை. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லா ஆன்டிபயாடிக்கும் அப்படி இல்லையாம். இந்த வகை மாத்திரையை இரும்பு, கால்சியம் எல்லாம் வயிற்றுக்குள்ளேயே பிடித்துக் கட்டிவிடுமாம். பாலும் அதையே செய்யுமாம். விழுங்கியது விழுங்கியதுதான். ரத்தத்துக்குப் போவது மட்டும் குறைந்துவிடும். உள்ளூர் டாக்டர் எழுதியிருந்தது வெறும் பி வைட்டமின், அதில் இந்த உலோகம் எதுவும் இல்லை. வேறு எதுவானாலும் பல மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

"இது தன்னே காரணம் என்று உறப்பிச்சுப் பறயான் பற்றில்லா" என்றார். உறுதியாகச் சொல்ல முடியாதாம். வேறு காரணமும் இருக்கலாமாம். சீழ் முன்பே கட்டத் தொடங்கியிருக்கலாமாம்.

இருக்கலாம். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி எதற்குச் சொன்னேன்?

ஆகஸ்ட் 31

கேன்டீனில் புட்டுக்குக் கடலையா பயறா என்று கேட்டார்கள். சுவரிலிருந்த விலைப்பட்டியலை வாசித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் எனக்கும் சேர்த்துக் கடலை என்றார். நல்ல மனுஷர்.

செப்டம்பர் 2

ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 4

ஜான்ரோஸ் அழைத்தான். லீவு கிடைக்கவில்லை, வேலையை விட்டுவிட்டு வரட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். "அந்த வைட்டமினாவது குடிச்சாளே அத்தான், இல்லன்னா இன்னும் மோசமாயிருக்கும்" என்றான்.

ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 7

சஜியை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கழுத்தில் குழாய். முகம் வீங்கி, ஒரு மாதிரி அவளுடைய பெரியம்மாவைப் போல இருக்கிறாள். காலையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். மத்தியானம் வரை அவள் போர்வை ஓரத்தை மடித்து மடித்து வைத்தேன். ஆயிரம் பேர் முன்னால் வாயாடுகிறவன்.

"சஜி, அந்தக் குளிகை…"

"அறியும்."

"ஆரு சொன்னா?"

"நர்ஸுகிட்ட டாக்டர் பேசினாரு. எனக்கு மலையாளம் அறியாதுன்னு நெனச்சியளோ?"

நான் கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆரு எடுத்துக் குடுத்தது?"

"நான்."

"ஆரு குடிச்சது?"

"நீ."

"அப்போ விடுங்க. அவனுக்கு அறியாண்டாம்."

"என்னைக்காவது ஒருநாள்…"

"ஒருநாளும் அறியாண்டாம்." இவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது. "அவனை எனக்கறியும். கேட்டான்னா அவனுக்க மருந்தை நிறுத்திருவான். அவனுக்குள்ள கிடக்கது எனக்கதாக்கும். இதுதான் போச்சு, அதும் போகணுமா?"

ஒரு பகடி வந்தது. அவள் சொல்லி முடித்த உடனே வந்தது, பழக்கதோஷம். அதை இங்கே எழுதமாட்டேன்.

செப்டம்பர் 19

வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி வாரம் மூன்று நாள் நாகர்கோவிலில் டயாலிசிஸ். சில பேருக்குச் சிறுநீரகம் திரும்ப விழிக்கும், மூன்று மாதம் பார்ப்போம் என்றிருக்கிறார் டாக்டர். வைட்டமின் உட்பட அவர் எழுதாத எதுவும் கூடாது.

அலமாரியில் டின் இருந்தது. உள்ளே கரண்டி. பொடி அதோடு ஒட்டிக் கட்டியாகிவிட்டது. பாட்டிலும் இருந்தது, முக்கால்வாசி நிறைந்தபடி. டின்னை எறிந்தேன். பாட்டிலை எறியப் போனபோது சஜி, "அது அங்ஙனே இரிக்கட்டு" என்றாள்.

செப்டம்பர் 24

நேந்திரம்பழம் கூடாது, இளநீர் கூடாது, தக்காளி கூடாது. தண்ணீர் அளந்துதான். நேசபாய் மைனி நேந்திரக் குலையோடு வந்தார். வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். உள்ளே கொண்டுபோகவில்லை.

"ஏன் வேய், நான் அவளைப் பாக்கப்பிடாதா?"

"நிங்க பாக்கலாம் மைனி. குலை பாக்கப்பிடாது."

சிரித்துக்கொண்டே உள்ளே போனார். சஜியைப் பார்த்ததும் அழுதார். பால் குடிக்கச் சொன்னது தான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லப் போவதில்லை. யாரிடம் சொல்லி எதை ஆற்றுவது? எல்லாரும் அவளுக்கு ஏதாவது கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

அக்டோபர் 15

டயாலிசிஸ் நாள். நான்கு மணி நேரம் வராந்தாவில் இருக்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரர் குளச்சல், மீன் ஏலத்தில் வேலை. அவர் மனைவியும் உள்ளே. அவர் சுண்டல் வாங்கினால் பாதி எனக்கு. நான் வாங்கினால் பாதி அவருக்கு.

நவம்பர் 10, ஞாயிறு

முன்பே ஒத்துக்கொண்ட கல்யாணம், தட்ட முடியவில்லை. "போங்க, எனக்க மோறையையே பாத்துகிட்டு இருக்கண்டாம்" என்று சஜிதான் கோட்டைத் தேய்த்துத் தந்தாள்.

நடுவில் ஒருவர் எழுந்து கத்தினார்: "அண்ணே, அந்த டின் கதை!"

சொன்னேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எல்லாம் தானாக வந்தது. சிரித்தார்கள். எப்போதும் சிரிக்கிற இடங்களில் எல்லாம் சிரித்தார்கள். நான் தள்ளி நின்று யாரோ ஒருவன் மைக்கில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கோட்டிலிருந்து ரப்பர் வாடை வந்தது.

டிசம்பர் 9

திருவனந்தபுரம் போய் வந்தோம். விழிக்கவில்லை. இனி விழிக்காது என்றார் டாக்டர். மாற்று சிறுநீரகத்துக்குப் பதிவு செய்யலாம் என்றார். முன்பு தானம் கொடுத்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு, அதைச் சொல்ல வேண்டும் என்றார். சொன்னோம்.

வரும் வழியில் பாறசாலையில் டீ குடித்தேன். சஜி வண்டியிலேயே இருந்தாள்.

"நல்ல டீயா?"

"கொள்ளாம்."

"ரெண்டு குடிக்க வேண்டியதுதானே. எனக்குள்ளதும்."

டிசம்பர் 26

ஜான்ரோஸ் கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கிறான். நல்ல நிறம், கொஞ்சம் தொந்தி. அக்காவின் கையிலுள்ள ஊசித் தழும்புகளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் போன் மணியடித்தால் மருந்து நேரம். எழுந்துபோய் விழுங்கிவிட்டு வருவான். ஒரு நிமிஷம் பிந்துவதில்லை. சஜி அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், பிள்ளை சோறு தின்பதைப் பார்க்கிற மாதிரி.

பிற்பகல் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துக் குலுக்கிப் பார்த்தான்.

"இது ஏன் குறையேல்ல?"

நான் வாயைத் திறந்தேன். சஜி முந்திக்கொண்டாள். "இவரு எடுத்துத் தர மறந்து போவாரு மக்கா."

"அத்தான்!" பாட்டிலை மேஜைமேல் வைத்தான். "அக்கா எனக்கு என்ன தந்தா! நான் இதையாவது… நிங்க இதுகூட எடுத்துக் குடுக்கல்லியா? டாக்டர்கிட்ட கேட்டியளா, குடிக்கலாமான்னு?"

"கேட்டேன். கொள்ளாம், குடிக்கலாம்னு சொன்னாரு."

"பின்ன?"

"மறந்துபோச்சு மக்கா. இனி மறக்கமாட்டேன்."

பெட்டியைத் திறந்து இன்னும் இரண்டு பாட்டில் எடுத்து வைத்தான்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

ஜான்ரோஸ் மஸ்கட் போய்விட்டான். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, அன்றைக்குக் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டான். அவன் இடுப்புப் பக்கம் என் கை பட்டது. சட்டென்று எடுத்துக்கொண்டேன். உள்ளே கிடக்கிற சஜியுடையது நசுங்கிவிடும் என்று பயம் மாதிரி.

இனி ஞாயிறு தோறும் வீடியோவில் பாட்டிலைக் காட்ட வேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பானாம்.

ஜனவரி 6

"கழிவறையில கொட்டுவோமா?" என்றேன்.

"அவன் சம்பாத்தியம். கொட்டண்டாம்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நிங்களுக்கும் வயசாகுது இல்லியா?" என்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரப்பர் இலையுதிர்வு. மரமெல்லாம் மொட்டை, பால் இறங்கவில்லை, கடையில் வேலை இல்லை.

முதல் பாட்டில் தீர்ந்துவிட்டது. மதியம் ஜான்ரோஸுக்குக் காலிப் பாட்டிலைக் காட்டினோம். சந்தோஷப்பட்டான். "அக்கா முகத்தில ஒரு தெளிச்சம் வந்திருக்கு அத்தான், பாத்தியளா?" என்றான். தெளிச்சம் எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். இந்த மாவட்டத்திலேயே மஞ்சளான சிறுநீர் இப்போது என்னுடையது. சஜியிடம் சொன்னேன், சிரித்தாள். ஆகஸ்டுக்கு அப்புறம் பல் தெரியச் சிரித்தது இன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு அவளே இரண்டாவது பாட்டிலின் மூடியைத் திருகினாள், சீலைக் கிழித்தாள், ஒரு பலாக்கொட்டையை என் உள்ளங்கையில் வைத்தாள். அவளுக்கு ஒரு நாளைக்கு அளந்த தண்ணீர், கோடு போட்ட ஒரு பாட்டிலில் இருக்கும். அதிலிருந்து ஒரு மடக்கு டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"அது உனக்குள்ளது சஜி. நான் பானையில எடுத்துக்கிடுதேன்."

"சும்மா குடிங்க" என்றாள்.

குடித்தேன்.